மொக்கைச்சாமி போட்ட கும்பிடு

1

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்து என்ன ஆகப்போகிறது? திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் கிடைத்தது. ஆயக்குடியில் ஒரு கல்யாணம், பழனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். எதிரே கம்பத்தில் ஒரு பிளக்ஸ். யாரோ ஒரு தாய்மாமன், மருமகளின் காதணி விழாவுக்கு ஊரையே வருக வருக என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துக் கம்பத்தில் இன்னொரு பிளக்ஸ், கண்ணீர் அஞ்சலி. அதிலும் ஒருவர் கும்பிட்டுக்கொண்டிருந்தார். இவர் வேறு ஆள். மீசை வேறு, நிறம் வேறு, துண்டின் கரையைப் பார்த்தால் கட்சியும் வேறு.

ஆனால் கழுத்துக்குக் கீழே இரண்டு பேரும் ஒன்று. அதே வெள்ளைச் சட்டை. பையில் அதே பேனா. அதே கூப்பிய கை. வலது கைச் சுண்டுவிரல் மட்டும் மற்ற விரல்களோடு சேராமல் கோணிக்கொண்டு வெளியே நிற்கிறது, இரண்டிலும்.

உயிரோடிருப்பவரும் செத்தவரும் ஒரே கையால் என்னைக் கும்பிட்டார்கள். பழனி பஸ் போயே போய்விட்டது.

நான் கண்ணால் பார்த்தது அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு. ஹாஃபிஸா என்று ஒருத்தி கிடையாது. மூக்காயி என்றும் யாரும் இல்லை. இல்லாத ஆட்களை நினைத்துக்கொண்டு சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாமல் சாப்பிடுகிறேன் என்று என் மனைவிக்குக் கோபம்.

2

தொடங்கிப் பார்த்தவை:

"மலைக்கோட்டைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்த அந்த மாலை வேளையில்..."

[அடித்தாயிற்று. மலைக்கோட்டையைக் காட்டாமல் திண்டுக்கல்லில் ஒரு கதையைத் தொடங்கக் கூடாதென்று சட்டமா போட்டிருக்கிறார்கள்?]

"ஹாஃபிஸா முகமற்ற மனிதர்களின் கலைஞி. அதிகாரத்தின் முகங்களைத் துண்டித்து, அவள்..."

[இதை அவளிடம் படித்துக் காட்டினால் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரிப்பாள். விட்டுவிட்டேன்.]

"‘ஏம்மா, இம்புட்டு மூஞ்சி கெடந்தா இந்த வீட்ல எங்கிட்டுத் தொழுகுறது?’ என்றார் காதர் பீவி."

[இது. இதில் ஆள் இருக்கிறது. இங்கிருந்தே போகலாம்.]

3

காதர் பீவி, ஹாஃபிஸாவின் மாமியார். வீடு திண்டுக்கல் பேகம்பூரில். ஹாஃபிஸாவின் கணவர் முனீர் கடைகளுக்குப் பை போடுகிற வியாபாரி. தோல் பை, ரெக்சின் பை எல்லாம் உண்டு. தைப்பது ஹாஃபிஸா. அவளுடைய மிஷின் தோலையே தைக்கிற கனத்த மிஷின், மிதித்தால் தெருமுனை வரை கேட்கும்.

எங்கள் பக்கத்தில் ஒரு பிளக்ஸுக்கு இரண்டு பிறவி. முதல் பிறவி கம்பத்தில். விழா முடிந்ததும் இரண்டாவது பிறவி. வெங்காயம் சேர்த்துவைக்கிற பட்டறைக்கு மேலே, ஆட்டுக் கொட்டகைக்கு மேலே, லாரிச் சரக்குக்கு மேலே. மணமக்கள் மழையில் நனைந்தபடி வெங்காயத்தைக் காப்பார்கள். முனீர் சரக்கு மூடிக்கொண்டு வந்த ஒரு பிளக்ஸ் அப்படித்தான் வீட்டு வாசலில் விழுந்தது. கெட்டியாக இருக்கிறதே என்று ஹாஃபிஸா அதில் ஒரு பை தைத்துப் பார்த்தாள். நன்றாக வந்தது. பிறகு தெருவில் கிடந்தது, காற்றில் கிழிந்தது, கடையில் தப்பாக அச்சானது என்று எல்லாம் வீட்டுக்கு வர ஆரம்பித்தது.

தகராறும் வந்தது. பை வாங்கிய ஒரு அம்மாள் மறுநாளே திருப்பிக்கொண்டு வந்தாள். "ஏம்மா, மீன் வாங்கப் போற பையில செத்த மனுசன் சிரிச்சுக்கிட்டு இருக்காரு. எந்தக் கையால மீன வாங்கிப் போடுவேன்?" அன்றைக்குச் சாயங்காலம் அசர் தொழுகை நேரத்தில் மாமியார் சொன்னதுதான் மேலே இருக்கும் வசனம். உருவப் படம் இருக்கிற இடத்தில் தொழ அவருக்கு மனசு ஒப்பவில்லை.

அன்றிலிருந்து ஹாஃபிஸா முகத்தை முதலில் வெட்டி எடுத்து எறிந்துவிட்டுத்தான் தைக்க உட்கார்வாள். முகம் போனால் பேர் போய்விடும். பேர் போனால் பட்டம், பதவி, "மாவீரன்", "கல்வித் தந்தை" எல்லாம் போய்விடும். மிச்சம் பூமாலை, குத்துவிளக்கு, கை.

கையை மட்டும் அவள் எறியவில்லை. மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வந்தாள்.

[இந்த இடத்தில்தான் எனக்கு இவள்மேல் சந்தேகம் வந்தது. முகத்தைக் குப்பையில் போடுகிறவள் கையை ஏன் சேர்த்துவைக்கிறாள்? கதைக்கு வேண்டும் என்பதற்காக நான் சேர்க்கவைக்கிறேனா? பல நாள் அட்டைப்பெட்டியோடு அவளை அப்படியே விட்டுவிட்டு வேறு வேலை பார்த்தேன். பிறகு ஒருநாள், முனீர் கேட்பதாகவும் அவள் பதில் சொல்வதாகவும் எழுதிப் பார்த்தேன்.]

"கழிவுதானே, கொண்டுபோய்க் கொட்டிர வேண்டியதுதானே?" என்றார் முனீர்.

"கும்பிடுறாங்கங்க. ஒருத்தர் கும்பிடுறப்ப அதத் தூக்கிக் குப்பையில போட்டா நல்லாவா இருக்கும்?"

[சரி. நம்பிவிட்டேன்.]

4

கைகளை ஒன்றோடொன்று ஒட்டித் தைத்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது. பை தைத்து முடித்துக் கை சும்மா இருக்கும் நேரத்தில் ஒரு வரிசை. அது போர்வையளவு வளர்ந்தது, கல்யாண ஜமுக்காளம் அளவு வளர்ந்தது, வீட்டில் விரிக்க இடமில்லாமல் முனீரின் பழைய தோல் கிடங்குக்குப் போனது.

அங்கே வைத்துத்தான் ஜோஸ்பின் அதைப் பார்த்தாள். பிளக்ஸ் கடையில் டிசைன் போடுகிற பெண். தப்பாக அச்சானதையெல்லாம் ஹாஃபிஸாவுக்கு ஒதுக்கிவைப்பவள்.

"அக்கா, இத இருட்டுல போட்டு வச்சிருக்கீங்களே! நாலு பேரு பாக்க வேணாமா?"

பார்க்க வைத்தாள் ஜோஸ்பின். கிடங்கைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, ஊரெல்லாம் வாட்ஸப்பில் அனுப்பி, கண்காட்சி என்றே பேர் வைத்துவிட்டாள். கழுவியும் தோல் வாசம் போகவில்லை. வாசலில் பிரியாணிப் பொட்டலத்து அலுமினிய மூடிகளால் ஹாஃபிஸா செய்த ஒரு குளம், ஓரமாக டயர் டியூப்பில் வெட்டிய மல்லிகைச் சரங்கள், உள்ளே பெரிய சுவர் முழுக்கக் கைகள். "ஊரே கும்பிடுது" என்று ஹாஃபிஸாவே அட்டையில் எழுதி வைத்தாள்.

கூட்டம் வந்ததே, அம்மாடி! எல்லாச் சாதிக்காரர் கையும் எல்லாக் கட்சிக்காரர் கையும் ஒன்றாய் இருக்கிறதென்று மைக்கில் பேசினார்கள். வந்தவர்கள் சும்மா பார்த்துவிட்டுப் போகவில்லை. தேட ஆரம்பித்தார்கள். "ஏலே, இது நம்ம பெரியப்பா கைதான், இங்க பாரு." "எங்க மாமா கை இது, புதுமனை புகுவிழாவுல எடுத்தது." ஒரே ஜோடிக் கைக்கு இரண்டு குடும்பம் உரிமை கொண்டாடி, முனீர் நடுவில் புகுந்து விலக்கிவிட வேண்டியதாயிற்று.

ஹாஃபிஸாவுக்குக் கால் தரையில் படவில்லை. இத்தனை காலம் அவள் தைத்த பையில் கடைக்காரன் பேர்தான் இருந்தது. இப்போது அவள் பேரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டுப் படம் எடுத்தார்கள். அடுத்து மதுரையில் வைக்கலாமா என்று கேட்டுப் போயிருந்தார்கள். காதர் பீவிகூட வந்து, சுவர் முழுக்கப் பார்த்து, "மூஞ்சி ஒண்ணும் இல்லையே" என்று உறுதி செய்துகொண்டு, "நல்லா இருக்கும்மா" என்றார்.

[கோணல் சுண்டுவிரலை அவள் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தாள். தைக்கும்போது அந்த விரல்கள் எல்லாம் ஒரே கோட்டில் வருகிற மாதிரிதான் தைத்தாள், அழகாக இருக்கிறதே என்று. கும்பிடுகிறவர்கள் எல்லாருக்கும் விரல் அப்படித்தான் நிற்கும்போல என்று நினைத்துக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டில் இரண்டாவது பிளக்ஸ் இல்லாவிட்டால் நான் மட்டும் என்ன நினைத்திருப்பேன்?]

5

குஜிலியம்பாறைப் பக்கமிருந்து ஒரு அம்மாள் வந்தாள். காலையில் கிளம்பியிருக்க வேண்டும், கையில் தூக்குவாளி. ஹாஃபிஸா எழுந்து கும்பிட்டு, "வாங்கம்மா" என்றாள். வந்தவள் திருப்பிக் கும்பிடவில்லை. ஹாஃபிஸாவைப் பார்க்கக்கூட இல்லை. நேரே பெரிய சுவருக்குப் போனாள்.

கை நீட்டி ஒரு சுண்டுவிரலைத் தொட்டாள். பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் பக்கத்தில் இன்னொன்று. சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை தொட்டுக்கொண்டே போனாள்.

"தொடாதீங்கம்மா" என்று ஜோஸ்பின் எழுந்தாள்.

"எம் புருசன் கையத் தொடுறதுக்கு ஒங்கிட்டக் கேக்கணுமா?"

தினமும் கேட்டுப் புளித்த பேச்சுத்தான். ஹாஃபிஸா சிரித்துக்கொண்டே, "எதும்மா ஒங்க வீட்டுக்காரரு கை?" என்றாள்.

"அம்புட்டும்."

யாரும் சிரிக்கவில்லை.

"அம்புட்டும் அவருதான் தாயி. இந்த வெரலு அவருக்குச் சின்ன வயசுலயே கோணிப்போச்சு. கெணத்துல கமலைக் கயிறு இழுத்து ஒடிச்சது. மருமகன் செல்போன்ல இந்தப் படத்தக் காமிச்சான். எனக்குச் சோறு எறங்கல. கெளம்பி வந்துட்டேன்."

"அவங்க பேரு?" என்று கேட்டாள் ஜோஸ்பின்.

"மொக்கைச்சாமி."

"கம்பம் கட்டுற மொக்கை அண்ணனா!" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள் அவள்.

6

[இங்கே ஜோஸ்பின் சொல்வதை நான் கொஞ்சம் சுருக்குகிறேன். அவள் அழுதுகொண்டே சொன்னதால் முன்னுக்குப் பின்னாக இருக்கிறது.]

கடை புதிதாகத் திறந்த சமயம். படம் கொண்டுவருகிறவர்கள் பாதிப் பேர் முகத்தை மட்டும்தான் கொண்டுவருவார்கள். கல்யாணக் கூட்டத்தில் நிற்கிற படம், லைசென்ஸ் படம். பிளக்ஸில் நிற்க வைக்க ஒரு உடம்பு வேண்டும். கடையில் கம்பம் ஊன்றிப் பிளக்ஸ் கட்டுகிற வேலைக்கு இருந்தார் மொக்கைச்சாமி. நல்ல நெஞ்சுக்கட்டு. முதலாளியின் புதுச் சட்டையைப் போட்டுவிட்டு, "அண்ணே, கையக் கூப்புங்க" என்றாள் ஜோஸ்பின்.

அவர் மாட்டேனென்றார். கெஞ்சினாள். "யாரையும் கும்பிட வேணாம்ணே. கேமராவப் பாத்துத்தான்."

"கேமராவுக்குத்தான? மனுசனுக்கு இல்லையே?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, ஒரே ஒரு தடவை கூப்பினார்.

ஜோஸ்பின் தலையை வெட்டினாள். கையை வெளுப்பாக்கினாள். கம்ப்யூட்டரில் "வெள்ளைச்சட்டை" என்று பேர் போட்டு வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து யார் தலை வந்தாலும் அதன்மேல்தான். தப்பென்று அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை, சுவர் முழுக்க அந்தக் கையைப் பார்த்தபோதுகூட. சட்டையைப் போலத்தானே கையும் என்று இருந்துவிட்டாள்.

"அவரு யாரையும் கும்பிட மாட்டாரு" என்றாள் மூக்காயி. (ஆமாம், அவள் பேர் மூக்காயி. பஸ் ஏற்றி அனுப்பும்போதே நான் சொல்லியிருக்க வேண்டும்.) "திமிருன்னு ஊர்ல சொல்லுவாங்க. கோயிலுக்கு வந்தாக்கூடக் கையக் கெட்டிக்கிட்டுத்தான் நிப்பாரு. ஏன்யா கும்பிடலன்னா, நான் வந்திருக்கேன்னு சாமிக்குத் தெரியாதாக்கும்பாரு. எங்கப்பாகிட்டப் பொண்ணு கேட்டு வந்தப்பக்கூடக் கும்பிடல. அதுக்காகவே தர மாட்டேன்னு சொன்னாரு எங்கப்பா. நாந்தான் ஒத்தக் கால்ல நின்னேன்."

படம் எடுத்த புதிதில் அவர் வீட்டுக்கு வந்து சிரித்திருக்கிறார். அவர் கையை அவரே கம்பத்தில் ஏற்றிக் கட்ட வேண்டியிருந்தது. "இன்னைக்கு ஊர் பூராம் கும்பிடு போட்டுட்டு வாரேன்டி" என்பாராம். வரவரச் சிரிப்பு நின்றுபோயிற்று. வீதியில் நடந்து போனால் அவர் கையே எதிரே வந்து அவரைக் கும்பிட்டது. அவரை அடிக்கக் கை ஓங்கிய பங்காளி ஒருவன், அவருடைய கையாலேயே ஊரைக் கும்பிட்டபடி முக்கில் நின்றான். அந்த வாரம் வேலையை விட்டுவிட்டு வந்தவர்தான். திண்டுக்கல்லுக்குப் போனால் மெயின் ரோட்டில் போக மாட்டார்.

"மஞ்சக்காமாலையில போய்ச் சேந்துட்டாரு. இந்தப் புள்ளதான் காசு வாங்காம பிளக்ஸ் அடிச்சு அனுப்புச்சு. மூஞ்சி ஆதார் அட்டையில இருந்து எடுத்தது, யாரோ திருடன் மாதிரி முழிப்பாரு. கீழ அந்த வெள்ளச்சட்டை. ஊரு பூராம் வந்து பாத்துட்டு, மூஞ்சி நம்ம மொக்கைதான், கையி எவனுதோன்னு சொல்லுச்சு. எழவு வீட்ல எனக்குச் சிரிப்பு வந்துருச்சு தாயி. அடக்க மாட்டாமச் சிரிச்சேன். புத்தி பெரண்டு போச்சுன்னு மூஞ்சியில தண்ணி அடிச்சாங்க."

சொல்லிவிட்டு இப்போதும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் நிற்காமல் வந்தது.

7

மூக்காயி என்ன கேட்கப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஹாஃபிஸாவுக்கும் தெரிந்திருக்கும். அதனால்தான் அவள் டீ வாங்கிவரச் சொன்னாள், மின்விசிறியைத் திருப்பிவைத்தாள், ஊர் எது, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

மூக்காயி டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டாள்:

"கும்பிட்டது போதும் தாயி. அந்தக் கையக் கீழ எறக்கி விட்ரு."

ஹாஃபிஸாவுக்கு முதலில் வந்தது கோபம். அதை நான் மறைக்கப் போவதில்லை. யாரோ படம் எடுத்தார்கள், யாரோ அச்சடித்தார்கள், ஊரே கட்டியது. அத்தனை பேரையும் விட்டுவிட்டு, குப்பையில் கிடந்ததை மரியாதையாக எடுத்து வைத்த என்னிடம் வந்து கேட்கிறாளே இந்தம்மா! இது என் வாழ்க்கையில் முதல் சுவர். இதற்குப் பிறகு எனக்கு இன்னொரு சுவர் கிடைக்குமா?

இப்படித்தான் ஓடியது அவள் மனசில். சுவரைப் பார்த்தாள். கையைக் குப்பையில் போட்டால் நல்லாவா இருக்கும் என்று கேட்டது அவளேதான். ஊரே கும்பிடுகிறது என்று எழுதி வைத்ததும் அவள்தான். அங்கே ஊர் இல்லை. விருப்பமில்லாத ஒரே ஒரு மனுசன் நின்றுகொண்டிருந்தான்.

"ஒரு சோடியக் குடுத்து அனுப்பு, பாவம்" என்று காதோரம் சொன்னார் முனீர்.

கத்திரிக்கோலை எடுத்தாள். நடு வரிசையில் ஒரு ஜோடியின் ஓரத் தையலைப் பிரித்து எடுத்தாள். பிறகு ஒன்று செய்தாள், அதை முனீர் சொல்லவில்லை. கூப்பிய இரண்டு உள்ளங்கையும் சேருகிற கோட்டில், விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை, மெதுவாக வெட்டினாள். கை தனித்தனியாக வந்தது.

மூக்காயி வாங்கிக்கொண்டாள். பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் ஒன்றை இந்தப் பக்கம், ஒன்றை அந்தப் பக்கம் வைத்தாள். விரல் கீழ்ப்பக்கம் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்தாள். சும்மா தொங்கவிட்ட கை.

"இப்பத்தான் அவரு நிக்கிற மாதிரி இருக்கு" என்றாள்.

பிறகு நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். "மிச்சம் தாயி?"

8

[எழுதிப் பார்த்த முடிவுகள்.]

ஹாஃபிஸா அத்தனை கையையும் அன்றைக்கே பிரித்துவிடுகிறாள். சுவர் காலி. அவள் முகத்தில் ஒரு நிம்மதி. இதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "ஒனக்கு என்ன, ஒரு வரியில பிரிச்சிட்ட. தச்சவளுக்குல்ல தெரியும்" என்றாள். கிழித்துவிட்டேன்.

கூட்டம் வந்து பார்த்துப் பாராட்டுவதைக் கண்டு மூக்காயி மனம் மாறி, பெருமையோடு திரும்பிப் போகிறாள். "அந்தம்மா மனசு மாறுறதுக்குத்தான் தூக்குவாளியத் தூக்கிக்கிட்டு அம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்தாளா?" என்றாள் என் மனைவி. இதையும் கிழித்தேன்.

கைகளின் மேலே மொக்கைச்சாமியின் பேரைப் பெரிதாக எழுதி வைக்கிறார்கள். இது எனக்குப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது. ஆனால் பேரை எழுதினாலும் அவர் கும்பிட்டுக்கொண்டுதானே இருப்பார்? அவள் பேரா கேட்டாள்?

இதை நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உள்ளே ஏதோ இடித்தது. இந்தக் கதை அச்சில் வந்தால் மேலே என் பேர் இருக்கும். ஓரத்தில் என் படம்கூடப் போடுவார்கள். கழுத்துக்குக் கீழே? அந்தக் கோணல் சுண்டுவிரல்தான். பஸ் ஸ்டாண்டில் பார்த்த யாருடையதோ கை. அவருக்கு ஒரு பேர் இருக்கும், அது மொக்கைச்சாமி இல்லை. அவரைக் கேட்காமல் நானும் என் தலையை ஒட்டிக்கொண்டேன்.

அதனால் முடிவு என் கையில் இருப்பது நியாயமில்லை என்று படுகிறது.

9

மூக்காயி இன்னும் பெஞ்சில்தான் இருக்கிறாள். "செத்த நேரம் உக்காந்திருக்கேன், யோசிச்சுச் சொல்லு" என்று சொல்லிவிட்டாள். அவசரப்படுத்தவில்லை. ஊருக்குப் போகிற பஸ் கிளம்ப இன்னும் நேரம் இருக்கிறது. மடியில் இரண்டு கையும் அப்படியே இருக்கின்றன.

ஜோஸ்பின் கடைக்குப் போன் போட்டு, "வெள்ளைச்சட்டையை இனிமே யாரும் எடுக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பக்கத்தில் யாரோ, "நாளைக்கு ரெண்டு காதுகுத்து இருக்கே, யாரப் போடுறது?" என்று கேட்பது கிடங்குக்குள் எல்லாருக்கும் கேட்கிறது.

வாசலில் ஒரு குடும்பம் வந்து நிற்கிறது, புதிதாகப் பார்க்க வந்தவர்கள். ஹாஃபிஸாவுக்குப் பழக்கத்தில் கை கும்பிட எழுந்தது. பாதியில் நிறுத்திக் கீழே விட்டாள். "வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

சுவரில் நடுவிலே ஒரு ஓட்டை, அதில் சுண்ணாம்பு தெரிகிறது. கத்திரிக்கோலை அவள் திரும்ப உறையில் போடவில்லை. மேசைமேல், உங்கள் பக்கம் பிடி இருக்கிற மாதிரி வைத்துவிட்டு வந்தவர்களிடம் போய்விட்டாள்.

இந்த இடத்தில் வழக்கமாக உங்களுக்கு ஒரு வணக்கம் வைத்து முடிப்பேன். இன்றைக்கு வைக்கவில்லை.